ஒன்பது கோல், ஒன்பது கறி

மஸ்கட்டில் எங்கள் கல்லூரிக்கும் மலையடிக் கல்லூரிக்கும் நடந்த பழைய மாணவர் கால்பந்தாட்டத்தில் நான் ஒன்பது கோல் வாங்கினேன். எங்கள் பக்கம் போட்டது ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் மறைத்தாலும் இங்கே ரூவிப் பகுதி டீக்கடையில் நிற்கிற யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லிவிடுவார், கூடவே அது பத்து என்றும் சொல்வார். பத்து இல்லை. பத்தாவது ஆஃப்சைடு.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இரண்டு கல்லூரிகளின் பகையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்று கடற்கரையோரம் இருக்கிறது, அது என்னுடையது. இன்னொன்று ரப்பர் தோட்டங்களைத் தாண்டி மலையடிவாரத்தில். எங்கள் பக்கம் கிரிக்கெட் பிறகுதான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே கடற்கரை மணலில் பந்து உருண்டுகொண்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கல்லூரிகளும் மோதும். அன்றைக்கு வகுப்பு நடந்ததாக எந்த வாத்தியாரும் சொல்ல மாட்டார். அவர்கள் எங்களைச் சாளை, அதாவது மத்தி மீன், என்பார்கள். நாங்கள் அவர்களைப் பலாக்கொட்டை என்போம். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தைவிட இந்தப் பட்டம்தான் எங்களுக்கு நிலைத்தது.

வேலை தேடி ஓமனுக்கு வந்தவர்களில் சாளையும் உண்டு, பலாக்கொட்டையும் உண்டு. அதனால் குளிர் தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடுவது வழக்கமாகிவிட்டது. ஆரம்பித்து வைத்தவர்கள் ஒரு விதியும் போட்டிருந்தார்கள். எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்கிறார்களோ அத்தனை கறி சமைத்துத் தோற்றவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயித்தவர்களுக்குப் பரிமாற வேண்டும். சோறு கணக்கில் வராது. ஒரு கோல், இரண்டு கோல் என்றுதான் எப்போதும் முடியும். ஒரு மீன்குழம்பு, ஒரு மரச்சீனிக் கிழங்கு மயக்கியது, தீர்ந்தது. விதி போட்டவர்கள் என்னைப் போல் ஒரு கோல்கீப்பர், எங்கள் பேச்சில் கோலி, வருவான் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். வயது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்லூரியில் மூன்று வருடமும் நான் பந்தாட்ட அணியில் இருந்தேன் என்பது உண்மை. இரண்டாவது கோலியாக இருந்தேன் என்பது முழு உண்மை. முதல் கோலி என் வகுப்புத் தோழன்தான். மூன்று வருடத்தில் அவனுக்கு ஒரு சளி கூடப் பிடிக்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருடைய செருப்புக்கும் கைக்கடிகாரத்துக்கும் காவல் இருந்தேன். படிப்பு முடிந்து பல வருடம் கழித்து ஒருநாள் ரூவி பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தபோது, அவனும் மஸ்கட்டுக்கே வேலைக்கு வந்திருப்பது தெரிந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மனதுக்குள் ஒரு சின்னக் குரல், "இங்கயும் வந்துட்டியாடே" என்றது. நினைத்தது போலவே இங்கேயும் அவனே கோலி, நானே பெஞ்ச்.

போன குளிர்காலத்தில் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் கேப்டன் போன் செய்தார். அவர் ஒரு கட்டுமான சைட்டில் சேஃப்டி ஆபீஸர். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர்.

"மக்களே, நீ நிக்கணும்."

"எங்க அண்ணாச்சி?"

"போஸ்டுலடே. வேற எங்க? நம்ம கோலிக்கு சலாலாவுல டூட்டி போட்டுட்டானுவ. லீவு கேட்டுப் பாத்தான், மாஃபி, கிடையாதுன்னுட்டான் மேனேஜர்."

போனை வைத்தேன். சமையலறையில் இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "இஞ்ச பாருங்க, உங்களுக்கு ஷார்ட்ஸ் ஏதாவது சேருமா?" என்று கேட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி மலையடிக் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அவள் அப்பாவுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை. இப்போது அவள் ரூவியில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய தம்பி என் கல்லூரிப் பெயரைக் கேட்டுவிட்டு, "சாளையா?" என்று சத்தமாகவே கேட்டான். என் அம்மா ஏதோ மீன் வாங்கி வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கிய சம்பந்தம்.

ஷார்ட்ஸ் சேர்ந்தது, மூச்சை இழுத்துப் பிடித்தால்.

இங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் சர்ச்சில் பூசைக்குப் போனோம். நான் கொஞ்சம் உருக்கமாகவே ஜெபித்தேன். பக்கத்தில் முழங்காலில் இருந்த மனைவியும் கண்ணை மூடி உருக்கமாகத்தான் ஜெபித்தாள். இரண்டு பேரும் எதிரெதிர் விண்ணப்பம் வைக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் யார் பக்கமும் சேரவில்லை. சாயங்காலம் முகத்தில் ஒரு கன்னத்துக்கு நீலமும் மறு கன்னத்துக்கு மஞ்சளும் பூசிக்கொண்டு வந்தாள். எங்கள் நிறம் நீலம், அவர்களுடையது மஞ்சள்.

மைதானத்தில் இறங்கிக் கம்பத்துக்கு நடுவே போய் நின்றபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பின்னால் மொட்டைப் பாறை மலை. முன்னால் பச்சைத் தரை. ஓரத்தில் பாய் விரித்துக் குடும்பங்கள், ஃப்ளாஸ்கில் சாயா, தூக்குப் பாத்திரத்தில் பருப்பு வடை. நான் தரையைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். கம்பத்தை எட்டித் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கம்பத்துக்கும் நடுவே இவ்வளவு அகலம் என்று பெஞ்சில் இருந்து பார்த்தபோது தெரிந்திருக்கவில்லை.

முதல் கோல் எப்படி விழுந்தது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. விசில் ஊதிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மஞ்சள் சட்டையில் ஒரு ஒல்லிப் பையன் இடது ஓரமாக வந்தான். எங்கள் கேப்டன் அவனை மறிக்கப் போனார். போனவர் மறித்தபடியே நின்றார், பையன் அவரைத் தாண்டி வந்துவிட்டிருந்தான். பிறகு வலை ஆடும் சத்தம் கேட்டது.

அந்தப் பையன் ஓமனுக்குப் புதிது. டைல்ஸ் கடையில் விற்பனையாளன். பல்கலைக்கழக அணிக்கே ஆடியவன் என்பதை மலையடிக்காரர்கள் எங்களிடம் சொல்லாமல் பொத்தி வைத்திருந்தார்கள். நல்ல பையன். கோல் போட்டதும் குதிக்கவில்லை, சட்டையைக் கழற்றிச் சுற்றவில்லை. நேராக என்னிடம் வந்து, "ஸாரி அண்ணாச்சி" என்றான்.

அடுத்த கோலுக்கும் வந்து ஸாரி சொன்னான். அதற்கடுத்ததற்கும். நாலாவது முறை வந்தபோது நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"மக்களே, நீ ஸாரி சொல்லாண்டாம். கொஞ்சம் மெதுவா அடி, அது போதும்."

"மெதுவாத்தான் அடிக்கேன் அண்ணாச்சி."

அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஹாஃப் டைமுக்குள் ஐந்து ஆகிவிட்டது. எங்கள் அணி ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேப்டன்தான் பேசினார்.

"இனி யாரும் முன்னால போகாண்டாம். எல்லாரும் பின்னால நில்லுங்க. மனுச மதில் மாதிரி."

"அண்ணாச்சி, நாம முன்னால போனதே இல்லியே" என்றார் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. அவர் ஒரு பேங்க் காரோட்டி, மூட்டுவலிக்கு உறை மாட்டிக்கொண்டு ஆடியவர். அவர் சொன்னது அப்படியே நிஜம்.

இரண்டாவது பாதியில் மனித மதில் நின்றது. பந்து அதன் மேலேயும் கீழேயும் போனது. ரெஃபரியாக இருந்தவர் எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஓமானி. இரண்டு கல்லூரிக்கும் சம்பந்தமில்லாதவர் என்பதால் வருடா வருடம் அவரைக் கூப்பிடுவோம். ஏழாவது கோல் விழுந்ததும் அவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் மெதுவாக வந்தார். விசிலைக் கையில் எடுத்துக் காட்டி, "பாய், கலாஸ்?" என்று கேட்டார். வேண்டுமானால் முடித்துவிடுகிறேன் என்று கருணையோடுதான் கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அந்த வீம்பு வந்தது என்று தெரியவில்லை. "மாஃபி கலாஸ்" என்றேன், முடிக்க வேண்டாம் என்று. "யல்லா, ஊது."

எட்டாவதும் விழுந்தது. அதன் பிறகு, எங்கள் கேப்டன் அந்த ஒல்லிப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. ஒரு சேஃப்டி ஆபீஸர் செய்கிற காரியமா என்று மஞ்சள் பக்கத்தில் இருந்து கத்தினார்கள்.

பையன் பந்தை வைத்தான். என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எந்தப் பக்கம் அடிப்பான் என்று எனக்கு எந்த யோசனையும் இல்லை. அதனால் எந்தப் பக்கமும் பாயாமல் நின்ற இடத்திலேயே நின்றேன். அவன் நடுவில் அடித்தான். பந்து என் வயிற்றில் வந்து மோத, சோற்றுப் பானை விழுந்தது போல் ஒரு சத்தம் கேட்டது, பிறகு பந்து துள்ளி வெளியே போனது.

மைதானமே எழுந்து நின்றது. நீலம், மஞ்சள் என்று பார்க்காமல் எல்லோரும் கத்தினார்கள். அந்தப் பையன் ஓடி வந்து கட்டிப் பிடித்தான். எங்கள் ஆட்கள் என் முதுகில் அறைந்தார்கள். மூச்சு வரவில்லை, ஆனாலும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்தாளா என்று ஓரத்தில் தேடினேன். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள், வாயில் பாதி வடை. நான் அவளுக்குக் கை காட்டினேன்.

அந்த நேரத்தில்தான் கார்னர் கிக் வந்தது. யாரோ தலையால் தட்டினார்கள். நான் இன்னும் கை காட்டிக்கொண்டிருந்தேன். அது ஒன்பதாவது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மனது நோகக்கூடாது என்று அடக்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். ரூவி ரவுண்டானாவைச் சுற்றும்போது பக்கத்து சீட்டில் இருந்து பிரஷர் குக்கர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அவளால் முடியவில்லை. கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். மகளும் சேர்ந்துகொண்டாள். நான் ரவுண்டானாவை இன்னொருமுறை சுற்ற வேண்டியதாயிற்று, ஏனென்றால் எனக்கும் சிரிப்பு வந்து திருப்பத்தைத் தவறவிட்டேன்.

"அப்பா, நைன் ஸீரோ! இட்ஸ் லைக் டென்னிஸ்!" என்றாள் மகள்.

"டென்னிஸில ஒன்பது வராதுல்லா" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்க அப்பா எதையும் புதுசா செய்யக்கூடிய ஆளு."

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. ஊரில் இருந்து மாமனார். செய்தி எங்களுக்கு முன்பே கடல் தாண்டிப் போயிருந்தது. துக்கவீட்டில் பேசுகிற அதே தாழ்ந்த குரல்.

"கேள்விப்பட்டேன் மக்களே."

"ஆமா மாமா."

"எல்லாம் ஆண்டவரோட சித்தம். சாப்பிட்டியளா?"

"இல்ல மாமா, இனிதான்."

"சாப்பிடணும். மனசத் தளர விடப்பிடாது." அதற்குள் யாரோ போனைப் பிடுங்கினார்கள். மச்சினன். "அத்தான், ஒம்பது தானா? பாக்கி எங்க?" பின்னால் வீடே சிரிப்பது கேட்டது.

அந்த வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. வாட்ஸ்அப்பில் மூடி திறந்த சாளை டின் ஒன்றின் படம் வந்தது. உள்ளே ஒவ்வொரு மீனுக்கும் எங்கள் அணிக்காரர்களின் தலை ஒட்டியிருந்தது. என் தலை மட்டும் டின்னுக்கு வெளியே, துள்ளி விழுந்த மாதிரி. வேலைக்குப் போனால் அங்கேயும் விடவில்லை. ரெஃபரி எங்கள் கம்பெனிக்காரர் அல்லவா, எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நான் லிஃப்டுக்குள் ஏறினால் எங்கள் பாகிஸ்தானி மெக்கானிக் முகத்தை மாற்றாமல், "பாய், நௌவாங் ஃப்ளோர்?" என்று கேட்டு ஒன்பதாம் மாடிப் பொத்தானை அழுத்துவார். அந்தக் கட்டிடத்தில் எங்கள் வேலை மூன்றாம் மாடியில். மேலே போய்த் திரும்பி வருவோம். இரண்டாம் நாள் நானே பொத்தானை அழுத்தினேன்.

சலாலாவில் இருந்து எங்கள் முதல் கோலியும் கூப்பிட்டான். என்ன சொல்வானோ என்று தயங்கித்தான் எடுத்தேன்.

"ஏடே, நான் இருந்தாலும் ஒரு ஆறு கோலாவது விழுந்திருக்கும்" என்றான். கொஞ்சம் யோசித்து, "அஞ்சுன்னு வையி" என்றான். அவனைப் போல் ஒரு நண்பன் கிடைப்பது அரிது.

செவ்வாய்க்கிழமை கேப்டன் எங்கள் ஃப்ளாட்டில் அணியைக் கூட்டினார். பொருள்: ஒன்பது கறி. எங்கள் அணியில் பாதிப் பேர் கம்பெனித் தொழிலாளர் கேம்பில் இருக்கிற தனியாட்கள். அவர்களுக்குத் தெரிந்த சமையல் முட்டை. குடும்பத்தோடு இருந்ததில் பெரிய அடுக்களை எங்களுடையது என்பதால் சமையல் இங்கேதான் என்று முடிவானது. கேப்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ கொஞ்சம் கூட நின்னா..."

"நான் ஜெயிச்ச கட்சி அண்ணாச்சி" என்றாள் அவள். "எனக்கு நீங்கதான் சமைச்சுத் தரணும். அடுக்களையைத் தாறேன். அது போதும்."

அவளிடம் இரக்கம் எதிர்பார்க்க முடியாது என்று தெரிந்ததும் குறுக்குவழி யோசித்தோம். உப்பு ஒரு கறியா? ஊறுகாய்? பப்படம்? மோரையும் ரசத்தையும் தனித்தனியாக எண்ணலாமா? யோசனையை இரண்டு கட்சிக்கும் பொதுவான வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பார்த்தோம். மலையடிக்காரர்களிடமிருந்து உடனே பதில் வந்தது: உப்பு கறியாகாது, கடையில் வாங்கிய ஊறுகாய் செல்லாது, பப்படம் பொரித்தால் பெருமைதான், ஆனால் கணக்கில் சேராது. இவ்வளவு வேகமாக யார் தட்டி அனுப்பியது என்று திரும்பிப் பார்த்தேன். மனைவி சோஃபாவில் காலை நீட்டிப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பூசையை முடித்துக்கொண்டு மத்ரா மீன் மார்க்கெட்டுக்குப் போனோம். கடற்கரைக்காரர்களுக்குப் பந்தில் போன மானத்தை மீனிலாவது மீட்க வேண்டும் என்று ஒரு வெறி. நெய்மீன், அயிலை, கணவாய், றால் என்று வாங்கித் தள்ளினார் கேப்டன். சாளையைத் தொடவே இல்லை. கடைக்காரர் நல்ல சாளை என்று எடுத்து நீட்டியபோது எல்லோரும் ஒரே நேரத்தில் "வேண்டாம்" என்று கத்தியதில் அவர் பயந்துவிட்டார்.

எங்கள் அடுக்களைக்குள் எட்டுப் பேர். பேங்க் காரோட்டி தேங்காய் திருவினார். கேம்பில் இருந்து வந்த வெல்டர் ஒருவர் கணவாயைச் சுத்தம் செய்த அழகைப் பார்த்து மகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். கேப்டன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, "வழுக்கும், வழுக்கும், தரையைத் துடைங்கடே" என்று வேலை பார்த்தார். மனைவி சத்தியத்தை மீறவில்லை. சோஃபாவில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அவள் மூக்கு அடுக்களைக்குள்ளேயேதான் இருந்தது.

"தேங்கா கருகுது."

யாரோ ஓடிப் போய் அடுப்பைத் தணிப்பார்கள்.

"அவியலுக்குத் தயிர் இப்பமே ஊத்தாண்டாம். ஊத்தினா திரிஞ்சிரும். நான் சொல்லல்ல, சும்மா எனக்கு நானே பேசுதேன்."

அவள் தனக்குத்தானே பேசியதால்தான் அன்றைக்கு எட்டுக் கறி உருப்படியாக வந்தது. ஒன்பதாவது சிறுபயறுப் பாயாசம். பாயாசத்தைக் கறியில் சேர்க்கலாம் என்று பேசி வாங்கியிருந்தோம். பயறு வறுத்து, வேகப் போட்டு, கருப்பட்டி உருக்க வைத்த நேரத்தில் அடுப்பு ஒருமுறை நீலமாகப் பெருமூச்சு விட்டு அணைந்தது. சிலிண்டர் காலி.

வெள்ளிக்கிழமை உச்சிநேரம். கேஸ் வண்டி சாயங்காலம்தான் வரும். சாப்பாடோ இரண்டு மணிக்கு, குரும் கடற்கரையில். எல்லோரும் அணைந்த அடுப்பைச் சுற்றி நின்றோம், பெனால்டிக்கு முன் நின்ற மாதிரி. அப்போதுதான் மனைவி யாருக்கோ போன் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தொம்மென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் மலையடிக் கல்லூரியின் கோலி, தோளில் சிலிண்டரோடு. பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர், ஆள் என்னைவிட உயரம், என் வயதுதான். லிஃப்ட் இருக்கும்போது படியேறி வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"கீழ லிஃப்ட் வேலை செய்யல்லவே" என்றார். எங்கள் கட்டிடத்து லிஃப்டை எங்கள் கம்பெனி பார்ப்பதில்லை, கடவுளுக்கு நன்றி.

சிலிண்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை. பாயாசத்தைக் கிண்ட நான் நின்றேன். அவர் பக்கத்தில் கதவில் சாய்ந்து நின்றார். மற்றவர்கள் பாத்திரங்களைக் கீழே காருக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "சிரிக்கப்பிடாது."

"சொல்லும்."

"இந்த ஆட்டத்துக்காக நான் புதுசா கிளவுஸ் வாங்கினேன். வீட்டுக்காரி பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்தா. அன்னைக்கு முழுசும் ஒரு பந்து என் பக்கம் வரல்ல. ஒண்ணுகூட. நான் அங்கண நின்னு ரெண்டு பொதி கடலை தின்னேன். ஆட்டம் முடிஞ்சு போட்டோ எடுக்கச்சில எல்லாவனும் அழுக்கு, நான் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கேன். வீட்டுல போயி சின்னவன் கேக்கான், 'அப்பா, நீங்க எதுக்குப் போனீங்க?'ன்னு."

சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் பாயாசத்தைப் பார்த்துக்கொண்டு கிண்டினேன். தோள் குலுங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"நீரு சிரிக்கீரு."

"இல்லவே."

"உமக்கு எத்தன பந்து வந்தது! எம்மாடி! அந்தப் பெனால்டியத் தடுத்தீரே, நான் எதிர்ப் போஸ்டுல, அந்தத் தலைக்கல் இருந்து கைதட்டினேன் தெரியுமா? எனக்கு அப்பிடி ஒண்ணு வந்திருந்தா இந்த வருசம் முழுக்கப் பேசிட்டு நடப்பேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே பொறாமைப்பட்டார். ஒன்பது கோல் வாங்கியவனைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படுவது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நானும் அவரிடம் மனதில் இருந்ததைச் சொன்னேன். இத்தனை நாள் கேலி செய்தவர்கள் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேனே, அது நடிப்பு இல்லை. அன்று சாயங்காலம் கம்பத்துக்கு நடுவே நின்றதில் எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது கோலுக்குப் பிறகு வெட்கம் இருந்தது, ஆறாவதற்குப் பிறகு அது எங்கோ போய்விட்டது. ஒவ்வொரு முறையும் வலைக்குள் இருந்து பந்தை எடுத்து நடுவுக்கு உதைக்கும்போது, இனி அடுத்தது வரும், அதைப் பிடிப்பேன் என்றுதான் நினைத்தேன்.

"அது சரி" என்றார் அவர். ஒரு கரண்டி பாயாசம் எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். "கருப்பட்டி இன்னும் கொஞ்சம் போடும். இது தோத்தவன் பாயாசம் மாதிரி இருக்கு."

குரும் கடற்கரையில் வெயில் இதமாக இருந்தது. நீளமாகப் பாய் விரித்து மஞ்சள் கட்சியை வரிசையாக உட்கார வைத்தோம். மனைவி அவர்களோடு நடுவில் ராணி போல் உட்கார்ந்தாள். நாங்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பரிமாறினோம். நெய்மீன் குழம்பு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. சாப்பாட்டில் பேச்சு நிற்பதுதான் பாராட்டு. அந்த டைல்ஸ் கடைப் பையனுக்கு நானே போய் றால் வறுவல் வைத்தேன். அவன் இலையை மறைத்துக்கொண்டு, "போதும் அண்ணாச்சி, போதும்" என்றான்.

"உன் கோலுக்கு உள்ளதத் தின்னு தீருடே. பாக்கி வைக்கப்பிடாது."

"ஸாரி அண்ணாச்சி."

தேங்காய் போட்டு வதக்கிய கணவாய்த் துவரனைச் சாப்பிட்ட ஒரு வயதான மலையடிக்காரர், அவர் விளையாடுகிறவர் இல்லை, பார்க்க மட்டும் வருகிறவர், அடுத்த வருடமும் இதே கோலியை நிறுத்தச் சொல்லி எங்கள் கேப்டனிடம் மனு கொடுத்தார். என் மனைவி அதைக் கையைத் தூக்கி ஆதரித்தாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவளிடம் கறி எப்படி இருந்தது என்று கேட்டேன். பாயாசத்தை வழித்துக்கொண்டே, "நல்லாருக்கு" என்றாள். "வாரா வாரம் தோக்கலாம்."

சாப்பிட்டு முடிந்து கொஞ்சம் படுத்துக் கிடந்த பிறகு யாரோ பந்தை எடுத்தார்கள். யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் மணலில் இரண்டாகப் பிரிந்தோம். ஓட முடியவில்லை யாராலும். அவியலும் மீனும் வயிற்றில் கனத்தன. மலையடிக் கோலியும் நானும் மட்டும் போஸ்டில் நிற்க மாட்டோம், முன்னால்தான் ஆடுவோம் என்று அடம் பிடித்தோம். இரண்டு செருப்பைக் குத்தி வைத்த ஒரு போஸ்டில் மகள் நின்றாள். இன்னொன்றில் யாருமில்லை என்றதும் மனைவி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

பந்து ஒருமுறை என் காலுக்கு வந்தது. எதிரே அவள் மட்டும்தான். மலையடிக் கோலி பின்னால் இருந்து, "அடியும்வே! அடியும்!" என்று கத்தினார். நான் அடித்தேன். அது மணலில் சோம்பலாக உருண்டு அவள் காலடியில் போய் நின்றது. அவள் குனிந்து எடுக்கக்கூட இல்லை; ஒரு காலால் மிதித்து நிறுத்தினாள்.

"நாளைக்கு எனக்குக் காலையில டூட்டி" என்றாள். "பாத்திரம் எல்லாம் நீங்கதான் தேய்க்கணும், அதும் விதியில உண்டு." விதியில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் நான் கேப்டனையும் கூட்டிக்கொண்டு போய்த் தேய்த்தேன்.